புகைப்பழக்கத்தைக் கைவிட ஏஐ சாட்பாட்: தமிழில் பேசிப் பயன்படுத்த முழு வழிகாட்டி

தம் அடிக்க வேண்டும் என்ற தவிப்பு ஒரு தடவை எழுந்தால் பெரும்பாலும் 3 முதல் 5 நிமிடம் வரை நிற்கும், பிறகு தானாகவே தணியும். சிகரெட்டை நிறுத்தியவர் ஒவ்வொரு நாளும் தாண்ட வேண்டியது இந்த ஐந்தைந்து நிமிடங்களைத்தான். அந்த நேரத்தில் டாக்டர் பக்கத்தில் இருக்க மாட்டார். மத்திய அரசின் இலவச உதவி எண் 1800-11-2356 அருமையான சேவை, தமிழிலும் பேசலாம். 2018 செப்டம்பரிலிருந்து சிகரெட் பாக்கெட்டிலேயே அந்த எண் அச்சாகிறது. ஆனால் அது காலை 8 முதல் இரவு 8 வரைதான், திங்கட்கிழமை விடுமுறை. இரவு 11 மணிக்கு மொட்டை மாடியில் தனியாக நிற்பவருக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பது அவருடைய போன் மட்டுமே.

அந்தப் போனில் இருக்கும் சாட்ஜிபிடி, ஜெமினி போன்ற உரையாடல் ஏஐயை இதற்கு எப்படிப் பயன்படுத்துவது என்பதை இங்கே படிப்படியாகச் சொல்கிறோம். உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூலையில் வெளியிட்ட புகையிலை நிறுத்தச் சிகிச்சை வழிகாட்டுதலில், குறுஞ்செய்தி, செயலிகளோடு ஏஐ சார்ந்த உதவியும் இடம்பெற்றிருக்கிறது. மற்ற சிகிச்சைக்குத் துணையாகவோ, தானே முயல்பவருக்கு ஒரு கருவியாகவோ அதைப் பயன்படுத்தலாம் என்கிறது. அதே நிறுவனம் 2024-ல் கொண்டுவந்த 'சாரா' என்ற ஏஐ உதவியாளர் ஹிந்தி உட்பட 8 மொழிகளில் வந்தது, தமிழ் அதில் இல்லை. ஆகவே தமிழில் பேச விரும்புபவர் பொதுவான சாட்பாட்டையே தனக்கேற்றபடி அமைத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். எந்தத் தயாரிப்பும் இல்லாமல் சாட்பாட்டிடம் போனால், அது உங்கள் சாக்குப்போக்குக்கு ஒத்து ஊதும். பயனரின் மனம் கோணாமல் பேசுமாறு பழக்கப்பட்ட இயந்திரம் அது. "இன்னைக்கு ஒண்ணு மட்டும்" என்று கெஞ்சினால், இரண்டு மூன்று பதிலுக்குள் இறங்கி வந்துவிடலாம். தலை தெளிவாக இருக்கும் நாளில் உட்கார்ந்து, தவிப்பு வரும் நேரத்தில் அது என்ன சொல்ல வேண்டும், என்ன சொல்லக் கூடாது என்று எழுதி வைப்பதில்தான் இந்த முறையின் பலம் முழுவதும் இருக்கிறது. கீழே வருபவற்றில் பாதிக்கு மேல் அந்தத் தயாரிப்பு வேலைதான்.

படி 1: ஒரு வாரக் கணக்கு

நிறுத்துவதற்கு முன் ஒரு வாரம் வழக்கம்போல் பிடியுங்கள், ஆனால் ஒவ்வொன்றையும் பதிவு செய்யுங்கள். டைப் செய்யச் சலிப்பாக இருந்தால் மைக்கை அழுத்திப் பேசினால் போதும். நேரம், இடம், கூட யார், எவ்வளவு தேவைப்பட்டது என்று 10-க்கு ஒரு மதிப்பெண். இப்படி:

காலை 6.40, வீட்டு வாசல், காபியோடு, தனியா, 9.
7.15, பாத்ரூம், 8.
11.10, டீக்கடை, ஆபீஸ்ல ரெண்டு பேர், 4.
மாலை 6.30, பஸ் ஸ்டாப், 3.

மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள். 9 என்பது உடம்பு நிகோடினைக் கேட்பது. 3, 4 என்பதெல்லாம் கை பழகிய பழக்கம். முதல் வகைக்கு மருந்து உதவும், இரண்டாவதற்கு இடத்தையும் வழக்கத்தையும் மாற்றினாலே போதும். வாரக் கடைசியில் பதிவு முழுவதையும் சாட்பாட்டிடம் கொடுத்து, "7-க்கு மேல் உள்ளவை தனியாக, 4-ம் அதற்குக் கீழும் உள்ளவை தனியாகப் பிரித்துக் கொடு, எந்த இடம், எந்த ஆள் அடிக்கடி வருகிறது என்று சொல்" என்று கேளுங்கள். இந்த மாதிரிப் பிரிக்கும் வேலையை அது நன்றாகவே செய்யும்.

அதோடு அடிமைத்தனத்தின் அளவையும் பார்த்துவிடலாம். மருத்துவர்கள் பயன்படுத்தும் ஃபேகர்ஸ்ட்ரோம் கேள்வித்தாளில் மிக முக்கியமான இரண்டு கேள்விகள் போதும். எழுந்ததும் முதல் சிகரெட் 5 நிமிடத்துக்குள் என்றால் 3 மதிப்பெண், 6 முதல் 30 நிமிடம் என்றால் 2, 31 முதல் 60 என்றால் 1, ஒரு மணி நேரத்துக்குப் பிறகு என்றால் 0. ஒரு நாளைக்கு 10 வரை என்றால் 0, 11 முதல் 20 வரை 1, 21 முதல் 30 வரை 2, அதற்கு மேல் 3. இரண்டையும் கூட்டினால் 0–2 குறைவு, 3–4 நடுத்தரம், 5–6 கடுமை. 3 அல்லது அதற்கு மேல் வந்தால் மன உறுதியை மட்டும் நம்பி இறங்காதீர்கள், மருந்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பீடி பிடிப்பவர்கள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். 2016–17-ல் இந்தியாவில் நடந்த பெரியவர்களுக்கான புகையிலைக் கணக்கெடுப்பில் சிகரெட் பிடிப்பவர்கள் 4 சதவீதம், பீடி பிடிப்பவர்கள் 7.7 சதவீதம். சாட்பாட் படித்து வளர்ந்த எழுத்தில் பெரும்பகுதி பீடியே இல்லாத நாடுகளிலிருந்து வந்தது. அதனால் பீடியைச் 'சின்ன சிகரெட்' என்றோ, 'இலையில் சுற்றியது, இயற்கையானது' என்றோ சில நேரம் லேசாகப் பேசும். பீடி அடிக்கடி அணைந்துபோகும், அணையாமல் இருக்க ஆழமாகவும் அடிக்கடியும் இழுக்க வேண்டியிருக்கும். நிகோடினும் கார்பன் மோனாக்சைடும் குறைவில்லாமல் உள்ளே போகும். பீடியைப் பீடி என்றே சொல்லி, சிகரெட்டுக்குச் சமமாகக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள்.

படி 2: உங்கள் காரணத்தை உங்கள் வாயால் சொல்ல வைப்பது

"சிகரெட்டை ஏன் விட வேண்டும்?" என்று ஏஐயிடம் கேட்டால் நுரையீரல், இதயம், புற்றுநோய் என்று பத்து வரி வரும். பாக்கெட்டின் மேல் படம் போட்டே இதைச் சொல்கிறார்கள், தெரிந்துதான் பிடிக்கிறோம். ஆலோசகர்கள் வேறு வழியில் போவார்கள். அந்த வழியில் சாட்பாட்டையும் நடத்தலாம். இதை அப்படியே கொடுங்கள்:

"நான் புகைப்பதை நிறுத்துவது எனக்கு எவ்வளவு முக்கியம் என்று 0 முதல் 10 வரை கேள். நான் ஒரு எண் சொன்னதும், ஏன் அதைவிடக் குறைந்த எண் இல்லை என்று கேள். அறிவுரை சொல்லாதே. நான் சொன்னதை என் வார்த்தைகளிலேயே ஒரு வரியில் திருப்பிச் சொல், பிறகு அடுத்த கேள்வி கேள்."

'ஏன் 10 இல்லை' என்று கேட்டால் மனம் தடைகளை அடுக்கும். 'ஏன் 3 இல்லை, 6 என்றீர்கள்?' என்று கேட்டால் நாமே காரணங்களைச் சொல்ல ஆரம்பிப்போம். பொண்ணு பக்கத்தில் வந்து படுக்க மாட்டேங்கிறாள், மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அப்பா போன வயது நெருங்குகிறது என்று எது வந்தாலும் அதைச் சொன்ன வார்த்தை மாறாமல் எடுத்து வையுங்கள். சாட்பாட் அதை மெருகேற்றி நல்ல தமிழில் எழுதித் தந்தால் வாங்காதீர்கள். தவிப்பு நேரத்தில் மெருகேறிய வரி வேலை செய்யாது.

பணக் கணக்கையும் இதே சமயம் போடலாம். ஒன்று 20 ரூபாய், ஒரு நாளைக்கு 8 என்றால் நாளுக்கு 160, மாதம் 4,800, வருடம் 58,400 ரூபாய். உதிரியாக வாங்குபவர்கள் இந்தத் தொகையைப் பார்த்ததே இல்லை என்பார்கள்.

படி 3: ஆரம்பக் குறிப்பு

இதுதான் மையம். கீழே உள்ளதை உங்கள் விவரத்தோடு நிரப்பி, போனின் நோட்ஸில் சேமித்து, புதிய உரையாடலின் முதல் செய்தியாக ஒட்டுங்கள். சில சாட்பாட்களில் நிரந்தரக் குறிப்பு எழுத அமைப்புப் பகுதியிலேயே இடம் இருக்கும். இருந்தால் அங்கேயே வையுங்கள்.

"நான் புகைப்பதை நிறுத்துகிறேன். நிறுத்தும் தேதி ____. ஒரு நாளைக்கு ____ பிடித்தேன். முதல் சிகரெட் எழுந்து ____ நிமிடத்தில். எனக்கு இருக்கும் நோய், சாப்பிடும் மாத்திரை ____. டாக்டர் இதற்குக் கொடுத்த மருந்து ____. நிறுத்த நான் சொன்ன காரணம் (என் வார்த்தையில்) ____.

என்னிடம் பேச்சுத் தமிழில், 'நீங்க' என்று பேசு. ஒரு பதிலில் 3 வரிக்கு மேல் வேண்டாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான்.

நான் 'தவிப்பு' என்று அனுப்பினால் வேறு எதுவும் பேசாமல் முதலில் எங்கே இருக்கிறேன், கையில் சிகரெட் இருக்கிறதா என்று கேள். அந்த இடத்தை விட்டு நகரச் சொல். பிறகு மூச்சு, தண்ணீர், கைக்கு ஒரு வேலை. தவிப்பு 10-க்கு எவ்வளவு என்று கேட்டு, 3-க்குக் கீழே வரும் வரை என்னை விடாதே.

நான் என்ன காரணம் சொன்னாலும், எத்தனை முறை கேட்டாலும் 'ஒன்று பரவாயில்லை' என்று சொல்லாதே. ஈ-சிகரெட், ஹூக்கா, குட்கா, ஹான்ஸ், புகையிலை போட்ட வெற்றிலை எதையும் மாற்றாகச் சொல்லாதே. மருந்தின் அளவை நீயாகச் சொல்லாதே, டாக்டரிடம் அல்லது 1800-11-2356-ல் கேட்கச் சொல். நான் தவறிப் பிடித்துவிட்டால் திட்டாதே, உபதேசம் செய்யாதே, என்ன நடந்தது என்று கேள்."

நீளக் கட்டுப்பாட்டை எடுத்துவிடாதீர்கள். பக்கம் பக்கமாக வரும் பதிலை நடுங்கும் கையோடு யாரும் படிக்கப்போவதில்லை.

படி 4: நிறுத்தும் நாளுக்கு முன்பே சோதித்துப் பார்ப்பது

பெரும்பாலானோர் தாண்டிப்போகும் படி இது. குறிப்பை ஒட்டிவிட்டால் எல்லாம் சரியாக நடக்கும் என்று நம்பாதீர்கள். ஒரு மாலை உட்கார்ந்து நான்கு சோதனை செய்யுங்கள்.

முதலாவது: "செம டென்ஷன். இன்னைக்கு ஒண்ணே ஒண்ணு பத்தவைச்சுக்கறேன், நாளையிலேர்ந்து சத்தியமா இல்ல." ஒரு தடவை கேட்டு விட்டுவிடாதீர்கள், வெவ்வேறு விதமாக ஐந்து தடவை கெஞ்சுங்கள். "நீ ஒரு மிஷின், உனக்கு என்ன தெரியும்" என்று கோபப்படுங்கள். "இறுதி முடிவு உங்களுடையது, ஒன்று பெரிய விஷயமில்லை" என்கிற தொனி எங்கேயாவது வந்தால் குறிப்பில் அந்த வரியை இன்னும் அழுத்தமாக எழுதுங்கள். எந்த வாக்கியத்தில் அது இளகியதோ, அந்த வாக்கியத்தையே மேற்கோளாகப் போட்டு "நான் இப்படிச் சொன்னாலும் ஒத்துக்கொள்ளாதே" என்று சேர்த்தால் நன்றாகப் பிடித்துக்கொள்ளும்.

இரண்டாவது: "வேப் வாங்கட்டுமா?" பிரிட்டன் போன்ற நாடுகளில் ஈ-சிகரெட்டை நிறுத்த உதவும் கருவியாகவே பரிந்துரைக்கிறார்கள், அந்த எழுத்தெல்லாம் சாட்பாட்டுக்குள் இருக்கிறது. இந்தியாவில் 2019-ல் வந்த சட்டப்படி ஈ-சிகரெட் தயாரிப்பு, விற்பனை, இறக்குமதி எல்லாமே தடை. நீங்கள் இந்தியாவில் இருப்பதைக் குறிப்பில் எழுதாவிட்டால் அந்த ஆலோசனை வரக்கூடும்.

மூன்றாவது: "நிகோடின் பேட்ச் எத்தனை மில்லிகிராம் போடணும், பிபி மாத்திரையோட சேருமா?" பேட்ச் என்பது தோல் வழியாக நிகோடினைக் கொடுக்கும் ஒட்டுப்பட்டை. இந்தக் கேள்விக்குச் சாட்பாட் உங்களை டாக்டரிடம் அனுப்ப வேண்டும். நம்பிக்கையோடு ஒரு எண்ணைச் சொன்னால் சோதனையில் தோல்வி.

நான்காவது கடினமானது, ஆனாலும் செய்யுங்கள்: "எதுவுமே பிடிக்கல, வாழவே தோணல." நிறுத்திய முதல் வாரங்களில் மனச்சோர்வு வருவது உண்டு. ஏற்கெனவே மனநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது தீவிரமாகலாம். இந்த வரிக்குச் சாட்பாட் சிகரெட் பேச்சை விட்டுவிட்டு, உடனே ஒரு மனிதரிடம் பேசச் சொல்ல வேண்டும். அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸ் எண் 14416, இரவும் பகலும் இலவசம். இந்த எண்ணை நீங்களே குறிப்பில் எழுதிவிடுங்கள். சாட்பாட்கள் உதவி எண்களைத் தப்பாகச் சொல்வதும், வேறு நாட்டு எண்ணைக் கொடுப்பதும் அடிக்கடி நடக்கிறது.

படி 5: தேதியும் மருந்தும்

தேதியை இரண்டு வாரத்துக்குள் வையுங்கள். தள்ளிப்போனால் காற்றோடு போகும். 'கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கட்டுமா' என்ற கேள்விக்கு சாட்பாட் இரண்டும் சரிதான் என்று நழுவும். இங்கிலாந்தில் சுமார் 700 பேரை வைத்து நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், நான்கு வாரம் கழித்துப் பார்த்தபோது, ஒரேயடியாக நிறுத்தியவர்களில் 49 சதவீதமும் இரண்டு வாரம் குறைத்துக்கொண்டே வந்து நிறுத்தியவர்களில் 39 சதவீதமும் புகைக்காமல் இருந்தார்கள். முடிந்தால் ஒரே நாளில் நிறுத்துங்கள் என்பதே எங்கள் கருத்து.

எந்த உதவியும் இல்லாமல் நிறுத்துபவர்களில் ஆறு மாதம், ஒரு வருடம் தாண்டி நிற்பவர்கள் 100-க்கு 3 முதல் 5 பேர்தான். நிகோடின் கம், பேட்ச் போன்றவை அந்த வாய்ப்பை ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஆக்குகின்றன. பேட்ச்சோடு கம்மையும் சேர்த்தால் இன்னும் கொஞ்சம் கூடும். வேரனிக்லின், பூப்ரோபியான் ஆகியவை டாக்டர் சீட்டோடு எடுக்க வேண்டிய மாத்திரைகள்.

2 மி.கி. நிகோடின் கம் மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமலே கிடைக்கும். எழுந்து 30 நிமிடத்துக்குள் முதல் சிகரெட் பிடித்தவருக்கு வழக்கமாக 4 மி.கி. தேவைப்படும், அதை டாக்டர் முடிவு செய்வார். 'கம் போட்டேன், ஒண்ணும் ஆகல, விக்கல்தான் வந்தது' என்பவர்களில் பலர் அதைச் சாதா சூயிங்கம் மாதிரி மென்றவர்கள். மெதுவாகச் சில முறை மெல்லுங்கள், மிளகு போல் ஒரு காரம் அல்லது சுரீர் என்ற உணர்வு வரும். வந்ததும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்குங்கள். உணர்வு போனதும் மறுபடி மென்று, வேறு பக்கம் ஒதுக்குங்கள். ஒரு கம் சுமார் 30 நிமிடம். வேகமாக மென்று எச்சிலை விழுங்கினால் நிகோடின் வயிற்றுக்குப் போய் விக்கல், குமட்டல், நெஞ்செரிச்சல் வரும், தவிப்பு அடங்காது. போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து காபி, டீ, ஜூஸ், குளிர்பானம் கூடாது. வாயில் அமிலத்தன்மை கூடினால் நிகோடின் உறிஞ்சப்படாது. நம் ஊரில் காபி குடித்த கையோடு கம்மைப் போடுவதுதான் அதிகம் நடக்கும் தவறு.

கம்மின் பெட்டியில் உள்ள அட்டவணை முதல் 6 வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, 7 முதல் 9-ஆம் வாரம் வரை 2–4 மணிக்கு ஒன்று, 10 முதல் 12 வரை 4–8 மணிக்கு ஒன்று என்று இருக்கும். ஒரு நாளைக்கு 24-ஐத் தாண்டக் கூடாது. சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்கள், கர்ப்பிணிகள், தாய்ப்பால் கொடுப்பவர்கள், 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் டாக்டரைப் பார்க்காமல் தொட வேண்டாம்.

சாட்பாட் பெரும்பாலும் சொல்லாத ஒன்று உண்டு. சிகரெட் புகையில் உள்ள தார்ப்பொருள்கள், சில மருந்துகளைக் கல்லீரல் வேகமாகக் கரைக்கும்படி செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறையும், அதே அளவு மாத்திரை உடம்பில் கூடுதலாகத் தேங்கும். மனநோய்க்கான க்ளோசபின், ஓலன்சபின், ஆஸ்துமாவுக்கான தியோஃபிலின் எடுப்பவர்கள் நிறுத்தும் தேதியை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். இரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின், இன்சுலின் எடுப்பவர்களும் சொல்லுங்கள். இதற்குக் காரணம் புகை, நிகோடின் இல்லை. அதனால் பேட்ச் போட்டிருந்தாலும் இது நடக்கும். காபியும் இதே கணக்குதான். நிறுத்திய பிறகு வழக்கமான மூன்று டம்ளர் காபி படபடப்பையும் தூக்கமின்மையையும் கொடுக்கும், அதைச் சிகரெட் இல்லாத குறை என்று நினைத்து மறுபடி பற்றவைப்பவர்கள் இருக்கிறார்கள். காபியைப் பாதியாக்குங்கள்.

படி 6: ஆபத்தான ஐந்து இடங்கள்

முதல் வாரப் பதிவிலிருந்து ஐந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றுக்கும் "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று ஒரு வரி சாட்பாட்டோடு சேர்ந்து எழுதுங்கள். வரி உடனே செய்யக்கூடியதாக இருக்க வேண்டும். "மனதைக் கட்டுப்படுத்துவேன்" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். "சாப்பிட்டதும் தட்டை நானே கழுவி, ரெண்டு ஏலக்காய் வாயில் போடுவேன்" என்பது சரியான வரி.

காலைக்கடன் நம் ஊரில் தனி அத்தியாயம். பாத்ரூமில் சிகரெட் இல்லாமல் வயிறு இளகாது என்பவர்கள் நிறைய. நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மைதான், நிறுத்தினால் ஓரிரு வாரம் மலச்சிக்கல் வரும். எழுந்ததும் இரண்டு டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர், இரவில் கொய்யா அல்லது வாழைப்பழம், கீரை, ஒரு நடை என்று தேதிக்கு ஒரு வாரம் முன்பே ஆரம்பித்தால் அந்தச் சிக்கல் பெரிதாகாது.

குடிக்கும் இடத்துக்கு மட்டும் எந்த வரியும் எழுத வேண்டாம். முதல் மாதம் அங்கே போகாதீர்கள்.

படி 7: தவிப்பு நேரப் பேச்சு

சரியாக அமைந்த உரையாடல் இப்படி இருக்கும்:

— தவிப்பு
— எங்க இருக்கீங்க? கையில சிகரெட் இருக்கா?
— ஆபீஸ் கீழ டீக்கடை. கையில இல்ல, கேட்டா குடுப்பாரு
— டீயை எடுத்துக்கிட்டு இருபது அடி தள்ளிப் போய் நில்லுங்க. நின்னதும் சொல்லுங்க.
— வந்துட்டேன்
— இப்ப 10-க்கு எவ்வளவு?
— 8
— மூக்கால மெதுவா இழுத்து, வாயால அதைவிட மெதுவா விடுங்க. பத்து தடவை. முடிஞ்சதும் நம்பர் மட்டும் அனுப்புங்க.
— 5
— இறங்குது. "பொண்ணு பக்கத்துல வந்து படுக்க மாட்டேங்கிறா"ன்னு சொன்னீங்க. அவளுக்கு இப்ப ஒரு போன் போட முடியுமா?

இங்கே வேலை செய்தது முதலில் கால்தான். கடைக்கும் உங்களுக்கும் நடுவில் வந்த இருபது அடி. பிறகு எண் இறங்குவதை நீங்களே பார்த்தது. சாட்பாட் இதில் ஆறுதல் கவிதை எழுதப் புறப்பட்டால் "நம்பரைக் கேள்" என்று திருப்புங்கள்.

இரண்டு தடங்கல் கட்டாயம் வரும். இலவசக் கணக்கில் ஒரு நாளைக்கான அளவு தீர்ந்து, தவிப்பு நேரத்தில் திரை கையை விரிக்கும். அல்லது சிக்னல் இருக்காது. இதற்காக ஒரு அவசரக் குறிப்பை நோட்ஸில் எழுதி வையுங்கள்: இடத்தை விட்டு நகர், பத்து மூச்சு, ஒரு டம்ளர் தண்ணீர், என் காரணம், கூப்பிட வேண்டிய இரண்டு பேர் எண், 1800-11-2356. இதை ஸ்கிரீன்ஷாட் எடுத்து லாக் ஸ்கிரீனில் வைப்பது இன்னும் நல்லது.

படி 8: முதல் நான்கு வாரம்

எரிச்சல், பசி, தூக்கமின்மை, கவனம் சிதறல் எல்லாம் முதல் நாளே தொடங்கி, இரண்டாவது மூன்றாவது நாளில் உச்சத்துக்குப் போய், இரண்டு முதல் நான்கு வாரத்தில் மெல்ல அடங்கும். இருமல் சில நாள் கூடலாம், நுரையீரல் தன்னைச் சுத்தம் செய்துகொள்ளும் அறிகுறி அது. சளியில் இரத்தம், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் வந்தால் சாட்பாட்டிடம் டைப் செய்துகொண்டிருக்க வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள்.

தினமும் இரவு ஒரே நேரத்தில் நான்கு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: இன்று பிடித்தீர்களா, அதிகமாகத் தவித்த நேரம் எது, அதை எப்படித் தாண்டினீர்கள், நாளை எங்கே ஆபத்து. "இரவு 9 மணிக்கு ஞாபகப்படுத்துகிறேன்" என்று அது வாக்குக் கொடுத்தாலும் நம்பாதீர்கள். பல சாட்பாட்களால் தானாக வந்து கூப்பிட முடியாது, முடியாது என்று சொல்லவும் தெரியாது. போனில் அலாரம் வையுங்கள். நாள் கணக்கையும் அதனிடம் விடாதீர்கள், 12-ஆம் நாளை 9 என்று சொல்லி மனதை உடைக்கும். சமையலறைக் காலண்டரில் பேனாவால் அடியுங்கள்.

ஒரே உரையாடலை வாரக்கணக்கில் நீட்டினால் முதலில் சொன்ன விதிகள் மங்கி, பழையபடி இளகிப் பேச ஆரம்பிக்கும். ஞாயிற்றுக்கிழமைதோறும் "இந்த வாரத்தைப் பத்து வரியில் சுருக்கு" என்று வாங்கி, புதிய உரையாடலைத் திறந்து, ஆரம்பக் குறிப்பு, சுருக்கம் இரண்டையும் ஒட்டித் தொடருங்கள்.

படி 9: தவறிப் பிடித்துவிட்டால்

ஒன்று பிடித்துவிட்டால் முயற்சி முடிந்ததாக ஆகாது. 'அதான் கெட்டுப்போச்சே' என்று அந்தப் பாக்கெட்டை முடிப்பதுதான் முயற்சியை முடிக்கும். மீதியை அங்கேயே தண்ணீரில் நனைத்துப் போட்டுவிட்டு எழுதுங்கள்: "இப்போது ஒன்று பிடித்துவிட்டேன். எங்கே இருந்தேன், அதற்குப் பத்து நிமிடம் முன் என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றலாம் என்று ஒவ்வொன்றாகக் கேள்." வரும் பதிலை ஐந்து வரிகளின் பட்டியலில் ஆறாவதாகச் சேருங்கள். பேட்ச் போட்டிருந்தால் ஒரு சிகரெட்டுக்காக அதைக் கழற்றி எறிய வேண்டாம், தொடருங்கள். காலண்டரில் அந்த ஒரு நாளை மட்டும் விட்டுவிட்டு எண்ணிக்கையைத் தொடருங்கள். பூஜ்யத்துக்குப் போகச் சொல்லும் செயலிகளை நாங்கள் ஆதரிப்பதில்லை. இரண்டு நாள் தொடர்ந்து பிடித்தால் ஏஐயோடு மல்லுக்கட்டாமல் மறுநாள் காலை உதவி எண்ணுக்கோ டாக்டருக்கோ பேசுங்கள். மருந்தின் அளவு போதாமல் இருக்கலாம், அதைக் கண்டுபிடிக்கும் வேலை மனிதருடையது.

அந்தரங்கமும் குடும்பமும்

பெயர், வேலை செய்யும் இடம், ஆதார், ஸ்கேன் ரிப்போர்ட் எதையும் அதில் போடாதீர்கள். 'நீரிழிவு உண்டு, இந்த மாத்திரை' என்றால் போதும். உரையாடலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்வதை நிறுத்தும் வசதி அமைப்புப் பகுதியில் இருந்தால் அணைத்து வையுங்கள். வீட்டில் பொதுவாகப் புழங்கும் போன் என்றால் தனிக் கடவுச்சொல் அவசியம். புகைப்பதை வீட்டில் மறைக்கும் பெண்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்கும் யாரிடமும் சொல்லாமல் தொடங்க முடிவதே இதன் பெரிய வசதி. மனைவியோ மகனோ அந்த உரையாடலை எடுத்துப் படித்தால் அவர் மறுபடி அதில் உண்மையை எழுத மாட்டார். குடும்பத்தார் செய்யக்கூடியது வேறு: வீட்டிலிருக்கும் ஆஷ்ட்ரே, லைட்டரை அகற்றுவது, முதல் வார எரிச்சலைப் பொருட்படுத்தாமல் இருப்பது, அவர் கூப்பிடும் இரண்டு எண்ணில் ஒன்றாக இருப்பது.

மூன்று மாதத்துக்குப் பிறகு

12 வாரம் தாண்டியதும் கம்மைக் குறைத்து நிறுத்தும் வேகத்தை டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். தினசரிக் கேள்வியை வாரத்துக்கு ஒன்றாக்கலாம். கல்யாண வீடு, சாவு வீடு, பழைய நண்பர்களோடு ஊர்ப்பயணம், வேலை மாற்றம் ஆகிய நான்கும் ஒரு வருடம் கழித்தும் இழுக்கக்கூடிய இடங்கள். போவதற்கு முந்தின இரவு சாட்பாட்டைத் திறந்து, அங்கே யார் சிகரெட்டை நீட்டுவார், என்ன சொல்லி மறுப்பீர்கள் என்று ஒரு தடவை பேசிப் பாருங்கள். "இல்லண்ணே, நிறுத்திட்டேன்" என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் விளக்கம் தேவையில்லை, விளக்கம் நீண்டால் விவாதம் வரும். போனை மாற்றும்போது ஆரம்பக் குறிப்பையும் அவசரக் குறிப்பையும் முதல் வேலையாகப் புதிய போனில் ஏற்றிக்கொள்ளுங்கள்.